ஓர் அடி நீரும் இரண்டு தலைப்புகளும்

முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டால், மறுநாள் காலை குமுளிக் கடைகளில் இரண்டு விதமான செய்தி தொங்கும். தேனிப் பக்கமிருந்து மலையேறி வரும் தமிழ் நாளிதழில் அது நல்ல சேதி: கம்பம் பள்ளத்தாக்கில் சாகுபடிக்குக் கவலையில்லை, விவசாயிகள் மகிழ்ச்சி. கோட்டயம் பக்கமிருந்து வரும் மலையாள நாளிதழில் அது அபாயச் சேதி: எச்சரிக்கை விடப்பட்டது, பெரியாற்றங்கரை மக்கள் பதற்றம். அடிக்கணக்கு ஒன்றேதான். இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் படிக்கிறவருக்கு அடுத்தவரின் மகிழ்ச்சியோ பயமோ ஒருநாளும் தெரியவராது. எல்லையோரத் தமிழர்களான நம்மில் பலர் இரண்டையும் படிக்கிறோம். ஆகவே பத்திரிகைச் சார்பைப் பற்றிப் பேசும் கடமை மற்றவர்களைவிட நமக்குக் கூடுதல்.

சார்பு என்றதும் கட்சிதான் நினைவுக்கு வரும். கேரளத்தில் அதில் ஒளிவுமறைவே கிடையாது. தேசாபிமானி மார்க்சிஸ்ட் கட்சியுடையது. ஜனயுகம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியுடையது. வீக்ஷணம் காங்கிரஸோடும், சந்திரிகா முஸ்லிம் லீக்கோடும், ஜன்மபூமி பாரதிய ஜனதாவோடும் நிற்பவை. தமிழ்நாட்டில் முரசொலியையோ தீக்கதிரையோ கையில் எடுப்பவருக்கும் எதை எடுக்கிறோம் என்று தெரியும். கட்சி முத்திரை இல்லாத பெரிய நாளிதழ்களுக்கும் குணம் உண்டு. 1888இல் கோட்டயத்தில் நிறுவப்பட்ட மலையாள மனோரமாவும், 1923இல் தேசிய இயக்கத்தின் குரலாகக் கோழிக்கோட்டில் பிறந்த மாத்ருபூமியும் வெவ்வேறு வேர்களில் வளர்ந்தவை. வாசகர் இதற்கெல்லாம் கழிவு போட்டுப் படிக்கப் பழகியிருக்கிறார்.

பிரிட்டனில் இந்தச் சார்பு இன்னும் வெளிப்படை. பொதுத்தேர்தல் வந்தால் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று தலையங்கத்தில் எழுதிவிடுவது அங்கே பழைய வழக்கம். டெய்லி டெலிகிராஃப் பழமைவாதக் கட்சிப் பக்கம். டெய்லி மிரர் தொழிற்கட்சிப் பக்கம். கார்டியன் இடது சாய்வுள்ள தாராளவாதம். ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய 2016 வாக்கெடுப்பில் டெய்லி மெயில் வெளியேறச் சொன்னது. அதே நிறுவனத்தின் ஞாயிறு இதழான மெயில் ஆன் சண்டே ஒன்றியத்தில் நீடிக்கச் சொன்னது. அந்த நவம்பரில், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசு வெளியேற்றத்தைத் தொடங்க முடியாது என்று தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, அவர்களை மக்களின் விரோதிகள் என்றது டெய்லி மெயில். மிகக் கசப்பான சார்பு அது. ஆனால் அதற்கான மறுப்பு அதே ஊரில், அதே மொழியில், அடுத்த பத்திரிகையிலேயே வாசகருக்குக் கிடைத்தது.

நம் எல்லையில் அந்த வசதி இல்லை. இங்கே செய்தியின் நிறத்தைக் கட்சியைவிடச் செக்போஸ்ட்தான் அதிகம் தீர்மானிக்கிறது. 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். இடுக்கியில் நில அதிர்வுகள் வந்த பின்னணியில் அணை உடையுமோ என்ற அச்சம் கேரளமெங்கும் பரவியது. டிசம்பர் 8 அன்று இடது முன்னணி மனிதச் சுவர் அமைத்தது. மறுநாள் கேரளச் சட்டமன்றம் புதிய அணை கேட்டுத் தீர்மானம் போட்டது. 15ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த் தீர்மானம் போட்டது. நாள்தோறும் சண்டையிடும் கட்சிகள் அந்தந்த மாநிலத்துக்குள் ஒரே அணியாயின. மார்க்சிஸ்ட் கட்சியே இரண்டாக நின்றது: கேரளக் கிளை புதிய அணை கேட்டது, தமிழ்நாட்டுக் கிளை 2006இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியைக் கேட்டது. ஒரே மத்தியக் குழுவை ஏற்கிற கட்சிக்கே இந்தக் கதி என்றால், பத்திரிகைகளிடம் எதை எதிர்பார்ப்பது?

அந்த நாட்களில் கேரளத்தின் அட்வகேட் ஜெனரல் உயர் நீதிமன்றத்தில் ஒரு கருத்தைச் சொன்னார். முல்லைப் பெரியாறு உடைந்தாலும் அந்த நீரை இடுக்கி அணை தாங்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். கேரளத்தில் அது மாநிலத்தைக் காட்டிக்கொடுத்த பேச்சாகப் பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் எதிர்த்தரப்பே தந்த ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டாடப்பட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி இரண்டு கூச்சலுக்கும் நடுவில் அமுங்கிப்போனது. இடுக்கி அணை தாங்கட்டும். இரண்டு அணைகளுக்கும் இடையில் கிடக்கும் வண்டிப்பெரியாறும் சப்பாத்தும் உப்புத்தறையும் என்ன ஆகும்?

வண்டிப்பெரியாற்றுத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய்ச் சேரும் வயலும் தமிழருடையது. அணை உடைந்தால் முதலில் அடித்துப் போகும் லயமும் தமிழருடையது. அந்த லயத்துத் தாய் மழைக்கால இரவில் பயப்படுகிறாள் என்று தமிழ் நாளிதழ் எழுதினால் அது கேரளத்தின் வாதத்துக்கு வலு சேர்த்துவிடும். அவள் தமிழச்சி என்று மலையாள நாளிதழ் அழுத்திச் சொன்னால் இனத்துக்கு இனம் என்ற கதை கலைந்துவிடும். எனவே இரண்டிலும் அவள் இல்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்த பெண்களும் அப்படித்தான். அந்த டிசம்பரில் எல்லை மூடியபோது கூலி போனது அவர்களுக்கு. தமிழ் நாளிதழ்கள் இடுக்கியில் தமிழர் பட்ட அடியை எழுதின. மலையாள நாளிதழ்கள் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் பட்ட அடியை எழுதின. இரண்டு அடியையும் சேர்த்து ஒரே பக்கத்தில் படிக்கக் கிடைப்பது அபூர்வமாக இருந்தது.

அறிவியலுக்கும் இதே கதிதான். 1979க்குப் பின் அணையின் மேல் கான்கிரீட் தொப்பி போட்டதும், கம்பிவடங்களால் அடிப்பாறையோடு பிணைத்ததும், பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பியதும் மலையாள வாசகருக்கு விளக்கமாகச் சொல்லப்படுவது அரிது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு 2012இல் அணை உறுதியாக இருப்பதாகச் சொன்னது. 2014 மே 7 அன்று அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடியை உறுதி செய்தது. இவை தமிழ் வாசகருக்கு மனப்பாடம். ஆனால் 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடித்த அணை அது, அதன் கீழே வாழ்பவர் கேள்வி கேட்பதில் சூழ்ச்சி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

பாலக்காட்டுக்கு வந்தால் இதே வாதங்கள் கட்சி மாறி நிற்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். இங்கேயும் அணைகளை இயக்குவது தமிழ்நாடுதான். ஆனால் தண்ணீர் கேட்டு நிற்பது கேரளம். மழை பொய்த்த ஆண்டுகளில் மலையாள நாளிதழ்கள் ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பேசும். தமிழ் நாளிதழ்கள் பொள்ளாச்சி விவசாயியின் வறட்சியைப் பேசும். முல்லைப் பெரியாற்றில் ஒப்பந்தம் என்றால் தமிழ்நாட்டுக்கு வேதம், கேரளத்துக்கு 1886இல் வெள்ளைக்காரன் திருவிதாங்கூர் மன்னர் மேல் சுமத்திய அநீதி. இத்தனைக்கும் பெரியாற்றின் துணை ஒப்பந்தமும் பரம்பிக்குளம் ஒப்பந்தமும் கையெழுத்தானது ஒரே நாளில், 1970 மே 29 அன்று. கொழிஞ்சாம்பாறை வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் தமிழ் பேசுகிறார், கேரளத்தின் தண்ணீருக்காக நிற்கிறார், இரண்டு தலைநகரமும் தன்னை மறந்ததை அறிவார். ஒரு பத்திரிகையின் நேர்மையைச் சோதிக்க நம்மிடம் ஓர் உரைகல் இருக்கிறது: இடுக்கியில் அது பேசிய நியாயத்தைப் பாலக்காட்டிலும் பேசுகிறதா?

கட்சிச் சார்பும் மாநிலச் சார்பும் கைகோத்த இடம் ஒன்றும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரால் பேசிவந்த, கட்சிச் சார்புள்ள மூன்று பெரிய தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் விலக்கிவைத்துப் பெண்கள் ஒற்றுமையாய் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தமிழ்த் தீவிரவாதிகள் இருப்பதாகப் பேச்சுக் கிளம்பியது. நாள் கூலி 232 ரூபாயில் கொழுந்து கிள்ளியவர்களின் கணக்கு, அந்தப் பேச்சைவிடப் பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டும்.

வாசகரால் ஆவதென்ன என்று சோர்ந்துவிட வேண்டாம். 1989இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் மாண்ட லிவர்பூல் ரசிகர்கள் மேலும் உயிர் தப்பியவர்கள் மேலும் தி சன் நாளிதழ் பழி சுமத்தியது. லிவர்பூல் நகரத்தார் அதை வாங்குவதை நிறுத்தினார்கள். இன்றும் பலர் வாங்குவதில்லை. 2012இல் அந்த நாளிதழ் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. ஊர் மறக்காமல் இருந்தால் பத்திரிகை பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மாநிலத்து ஆசிரியர்களிடமும் நம் கோரிக்கை இது: எல்லைச் செய்திக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த நிருபரை அனுப்புங்கள், எதிர்த்தரப்பின் ஆவணத்தை அதன் சொற்களிலேயே வெளியிடுங்கள், வண்டிப்பெரியாறு லயத்திலும் சித்தூர் வாய்க்கால் வரப்பிலும் இருப்பவர்களின் பெயரோடு அவர்கள் பேச்சைப் போடுங்கள். நம் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து ஒரே நிகழ்வைத் தமிழ் நாளிதழும் மலையாள நாளிதழும் எழுதியதை அருகருகே, மலையாளத்தைத் தமிழாக்கி, வெளியிடப்போகிறோம். விடுபட்டது எது என்பதையும் கீழே எழுதுவோம். மூணாறு, பீருமேடு, குமுளி, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வாசகர்கள் தங்கள் ஊரைப் பற்றி வந்த செய்தி நறுக்குகளையும், அவற்றில் வராமல்போனதையும் தங்கள் சொற்களில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கம் உங்களுடையது.