வாழ்நாள் எண்ணெய்: எவருடைய வாழ்நாள்?

தானியங்கி கியர் பொருத்திய கார்களின் கையேடுகளில் ஒரு விசித்திரமான மௌனம் உண்டு. என்ஜின் ஆயிலை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக, பிரேக் ஆயிலை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக என்று வரிசையாகச் சொல்லிவரும் பராமரிப்பு அட்டவணை, கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு வந்ததும் பல மாடல்களில் வாய்மூடிவிடுகிறது. சிலவற்றில் ‘வாழ்நாள் முழுமைக்கும் போதுமானது’ என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும். எவருடைய வாழ்நாள் என்பதை அந்த வரி சொல்வதில்லை. காரின் வாழ்நாளா, கியர்பாக்ஸின் வாழ்நாளா, முதல் உரிமையாளர் அதை வைத்திருக்கும் காலமா, உத்தரவாதக் காலமா?

இக்கேள்வி சொல்விளையாட்டு அன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் கைமாறும் பழைய கார்களின் எண்ணிக்கை புதிய கார்களின் விற்பனையைவிட மிகுதி. எழுபதாயிரம் கி.மீ. ஓடிய காரைக் கடன் வாங்கி வாங்கும் ஒரு குடும்பத்துக்கு, ‘வாழ்நாள்’ என்ற சொல்லின் பொருள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடிய கியர்பாக்ஸ் பழுதில்தான் தெரியவருகிறது. முதல் உரிமையாளர் மிச்சப்படுத்திய சில ஆயிரங்களை இரண்டாமவர் வட்டியோடு கட்டுகிறார். பராமரிப்புச் செலவு குறைவு என்ற விற்பனை வாசகத்தின் மறுபக்கம் இது.

கார் நிறுவனங்களின் கூற்றைக் கேள்விக்குட்படுத்த வெளியார் எவரும் வேண்டியதில்லை. கியர்பாக்ஸ்களைத் தயாரித்து உலகின் பல கார் நிறுவனங்களுக்கு அளிக்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்., தன் கியர்பாக்ஸ்களின் எண்ணெயை ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. அதே கியர்பாக்ஸைத் தாங்கிய கார்களின் கையேடுகளோ ‘வாழ்நாள்’ என்கின்றன. பெட்டியைச் செய்தவர் மாற்று என்கிறார். பெட்டியை விற்பவர் தேவையில்லை என்கிறார். ஒரே பொருளைப் பற்றிய இவ்விரு கூற்றுகளும் வெவ்வேறு நலன்களிலிருந்து பிறப்பவை என்பதைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அந்த எண்ணெய் செய்யும் வேலை என்ன? என்ஜின் ஆயிலுக்கு உயவுதான் தலையாய பணி. டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெய்க்குப் பணிகள் பல. என்ஜினின் விசையைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது, வால்வுகளின் வழியே அழுத்தமாகப் பாய்ந்து கிளட்ச்சுகளை இயக்குவது, வெப்பத்தைச் சுமந்து குளிர்விப்பானுக்குக் கொண்டுசெல்வது, பற்சக்கரங்களுக்கு உயவாவது ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பே. இவற்றுக்கும் மேலாக நுட்பமான பணி ஒன்று உண்டு. கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்றும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தக் கணத்தில் இறுகப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அதில் கலந்துள்ள உராய்வு மாற்றிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது. இம்முரண்பட்ட குணத்தை ஒரு திரவத்துக்கு ஊட்டுவது எளிதன்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை விதிக்கும்வரை இப்பணிக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெய் பயன்பட்டது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கு ஈடான வேதிப்பொருளைக் கண்டுபிடிக்க எண்ணெய் வேதியியலாளர்கள் பாடுபட வேண்டியிருந்தது.

அத்தகைய வேதிப்பொருள்கள் தேயும். எண்ணெய் ஆவியாகி மறைந்துவிடாததால் அது தேய்வதில்லை என்று கொள்வது பிழை. வெப்பமும் காற்றும் அதை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன, கிளட்ச் தகடுகளின் நுண்துகள்கள் அதில் கலக்கின்றன, பாகுநிலை தளர்கிறது. வெப்பநிலை ஒவ்வொரு பத்து டிகிரி உயரும்போதும் எண்ணெயின் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது உயவியலில் வழங்கும் பொதுவிதி. துல்லியமான விதியன்று என்றாலும், திசையைச் சரியாகக் காட்டும் விதி.

இங்குதான் கையேட்டின் இன்னொரு பக்கத்தை வாசிக்க வேண்டியுள்ளது. ஏறத்தாழ எல்லாக் கையேடுகளிலும் ‘இயல்பான பயன்பாடு’, ‘கடும் பயன்பாடு’ என்ற பாகுபாடு உண்டு. கடும் பயன்பாடு எது என்பதற்குத் தரப்படும் பட்டியல் வருமாறு அமையும்: நின்று நின்று நகரும் போக்குவரத்து, மிகு வெப்பம், புழுதி, மலைப்பாதை, நெடுநேரம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தியிருத்தல், அடுத்தடுத்த குறும்பயணங்கள். பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் கார், மே மாதத்து நாக்பூரில் அலுவலகம் செல்லும் கார், சிம்லாவுக்கு ஏறும் வாடகைக் கார் ஆகிய எதையும் இப்பட்டியல் விட்டுவைக்கவில்லை. நாட்டின் பெரும்பாலோர் வாழும் நிலையையே விதிவிலக்காகவும், வேறெங்கோ உள்ள சீரான நெடுஞ்சாலையை இயல்பாகவும் கொள்ளும் அட்டவணை இது. சமூகவியல் மாணவர்களுக்கு இதில் அறிமுகமான ஒரு சிக்கல் தெரியும்: அளவுகோலை வகுத்தவரின் அன்றாடமே ‘இயல்பு’ என்ற பெயர் பெறுகிறது.

ஆகவே இந்திய நகரங்களில் ஓடும் டார்க் கன்வெர்ட்டர் வகைக் கார்களுக்கு, கையேடு மௌனம் காத்தாலும், 60,000 கி.மீ. அல்லது ஐந்தாறு ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே நியாயமான கணக்கு. எண்ணெயில் நனையும் இரட்டைக் கிளட்ச் வகைக்குத் தயாரிப்பாளர்களே 60,000 கி.மீ.யை ஒட்டிய அளவை விதிப்பதுண்டு. எஃகுப் பட்டை உருளைகளைப் பற்றிச் சுழலும் சி.வி.டி. வகைக்கு அதைவிடக் குறுகிய இடைவெளியும் குறிக்கப்படுவதுண்டு. 2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. இவ்விவாதத்தில் சேராது. அது கைக்கியர் பெட்டிக்கு இயந்திரக் கை பொருத்திய அமைப்பு. அதன் எண்ணெயும் கைக்கியர் எண்ணெயே. ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்லின்கீழ் இவையனைத்தும் விற்கப்படுவதால், ஒரு வகைக்கான அறிவுரை மற்றொரு வகையின்மேல் தவறாக ஏற்றப்படுகிறது. சி.வி.டி.யில் சாதாரணத் தானியங்கி எண்ணெயை ஊற்றினால் பட்டைக்கும் உருளைக்கும் இடையிலான பிடிப்பே கெடும்.

எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்ற அச்சம் மெக்கானிக்குகளிடையே பரவலாக உள்ளது. ‘ஓடுற வண்டியில கை வைக்காதீங்க சார்’ என்ற எச்சரிக்கையை ஒர்க்‌ஷாப்புகளில் கேட்காதவர் குறைவு. இதை அறியாமை என்று ஒதுக்குவது கல்வியாளர்களுக்கே உரிய அவசரம். அந்த எச்சரிக்கை உண்மையான அனுபவத்திலிருந்தே வருகிறது. பிழை இருப்பது அனுபவத்திலிருந்து பெற்ற முடிவில். ‘வாழ்நாள்’ என்ற சொல்லை நம்பிய உரிமையாளர் எப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்? கியர் மாறும்போது அதிர்வு தோன்றிய பிறகு, வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகு. அப்போது தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். எண்ணெய் மாற்றப்படுகிறது, சில வாரங்களில் கியர்பாக்ஸ் நிற்கிறது. மெக்கானிக்கின் கண்ணில் படுவன எல்லாம் இத்தகைய வண்டிகளே. உரிய காலத்தில் மாற்றிவிட்டு இரண்டு லட்சம் கி.மீ. ஓடும் வண்டி அவரிடம் கியர்பாக்ஸ் பழுதுக்காக வருவதே இல்லை. தேர்வுச் சார்பு என்று முறையியல் வகுப்பில் கற்பிக்கப்படும் பிழைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம். ஆயினும் அந்த எச்சரிக்கையில் ஓர் உண்மை உண்டு: மிகத் தேய்ந்த கியர்பாக்ஸில், எந்திரத்தால் அழுத்தம் கொடுத்துப் பழைய எண்ணெயை ஒரேயடியாக வெளியேற்றுவது விவேகமன்று.

மாற்றும் முறையிலும் இதனால் ஒரு நிதானம் வேண்டும். அடிப்பகுதித் திருகைக் கழற்றினால் பல கியர்பாக்ஸ்களில் மொத்த எண்ணெயில் பாதியளவே வடியும். எஞ்சியது டார்க் கன்வெர்ட்டரிலும் வால்வுத் தொகுதியிலும் தங்கிவிடும். பாதி வடிவதாகக் கொண்டால், முதல் முறையில் ஐம்பது விழுக்காடு புதிய எண்ணெய். சில நூறு கி.மீ. ஓட்டி மீண்டும் வடித்து ஊற்றினால் எழுபத்தைந்து. மூன்றாம் முறையில் எண்பத்தேழரை. வடிந்த அளவை அளந்து, அதே அளவு ஊற்றுவது முதல் கட்டம். தட்டுக்குள் உள்ள காந்தங்களில் மைபோல் படிந்த நுண்துகள் இயல்பானது. செதில்களாக உலோகம் இருந்தால் எண்ணெய் மாற்றத்தால் தீராத நோய். ஃபில்டர் மாற்றத்தக்க வகையானால் அதையும் மாற்ற வேண்டும். தட்டோடு ஃபில்டரும் ஒன்றாய் வரும் மாடல்களில் செலவு கூடும்.

அளவு பார்ப்பதில்தான் மிகுதியான தவறுகள் நிகழ்கின்றன. இன்றைய கார்கள் பலவற்றில் அளவுக்கோல் இல்லை. வண்டியைச் சமதளமாக உயர்த்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலைக்குள் இருக்கும்போது வழிதிருகைத் திறந்து சொட்டுகளைப் பார்க்க வேண்டும். சூடான எண்ணெய் விரிவதால், வெப்பநிலை தவறினால் அளவும் தவறும். அந்த வெப்பநிலையை அறிய ஸ்கேனர் கருவி தேவை. தெருமுனை மெக்கானிக்கிடம் திறமை இருக்கும். அக்குறிப்பிட்ட மாடலுக்கான தரவு இருக்காது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களுக்குள் அடைத்துவைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’ குறித்து அமைத்த குழுவின் வரம்பில் மோட்டார் வாகனங்களும் இடம்பெற்றன. உரிமை பற்றிய பெரிய சொற்கள் இறுதியில் வந்து நிற்கும் இடம் இத்தகைய சிறிய எண்தான்: எந்த டிகிரியில் திருகைத் திறப்பது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் நம்பத்தக்கதன்று. சிவப்பு நிறம், என்ஜின் ஆயிலிலிருந்து கசிவைப் பிரித்தறியச் சேர்க்கும் சாயம் மட்டுமே. நல்ல நிலையிலுள்ள எண்ணெயும் விரைவில் கருக்கும். கருகிய நாற்றம் அதைவிட மேலான சாட்சி. ரோஸ்மில்க் போல் வெளிறிக் கலங்கியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டருக்குள் அமைந்த குளிர்விப்பான் உடைந்திருக்கலாம், அல்லது வெள்ளநீர் காற்றுத்துளை வழியே நுழைந்திருக்கலாம். சூடான கியர்பாக்ஸ் திடீரென நீரில் மூழ்கிக் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து நீரை உறிஞ்சும். சென்னையிலும் மும்பையிலும் குருகிராமிலும் இடுப்பளவு நீரில் நின்ற கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. நீர் கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பசையைத் தளர்த்துமுன், என்ஜினைத் தொடங்காமலே எண்ணெயைச் சோதிக்க வேண்டும். இத்தகைய கார்கள் துடைத்து மெருகேற்றப்பட்டு வேறு மாநிலங்களில் விற்பனைக்கு வருவதும் உண்டு. வாங்குவோர் என்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், இருக்கையை முகர்ந்து பார்க்கிறார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு சொட்டைக் கேட்பவர் அரிது.

வடித்தெடுத்த நான்கைந்து லிட்டர் எங்கே போகிறது என்பதையும் கேட்கலாம். பயன்படுத்திய எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருவது. 2024 ஏப்ரல் முதல் அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு, உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பாக நடைமுறைக்கு வந்துள்ளது. ஒர்க்‌ஷாப்பின் பின்புறத்தில் மூடியில்லாமல் நிற்கும் பீப்பாய் யாரிடம் போகிறது என்று பில் வாங்கும்போதே கேட்டுவிடலாம். அந்தப் பில்லையும், மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எண்ணெயின் தர எண்ணும் எழுதி, அடுத்து வாங்குபவருக்காகக் கையேட்டுக்குள் செருகி வைக்கலாம்.