சேகரிப்புக்கு வேண்டிய பட்டியல்

பட அட்டைகளைச் சேர்க்கும் பழக்கம் நம் விடுதியில் வளர்ந்து வருகிறது. போக்கிமான் அட்டைகளை உறையிட்டு ஆல்பத்தில் அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் உளர். அவர்கள் இப்போது கையால் பட்டியல் எழுதுவதில்லை. கைப்பேசியை அட்டையின்மேல் பிடித்தால் போதும். பெயர், வரிசை, எண், வெளிவந்த ஆண்டு, விலை அனைத்தையும் செயலி நொடியில் காட்டிவிடுகிறது. 400 அட்டைகளை ஒரே மாலையில் பதிந்துவிடலாம். எது இரண்டு இருக்கிறது, எது இல்லை என்பதும் தெரிந்துவிடும். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆயினும், அது தருவதே முழுப் பட்டியல் என்று எண்ணிவிடுவது தவறு என்பது என் கருத்து.

சென்ற தீபாவளி விடுமுறையில், தம்பி பிஸ்கட் டின்னில் வைத்திருந்த அட்டைகளை நானும் அவனும் உட்கார்ந்து செயலியில் ஏற்றினோம். இடையில் சாரிசார்டு அட்டை ஒன்று வந்தது. 1999இல் வெளிவந்த ஆங்கில முதல் வரிசை, 102 அட்டைகளுள் 4ஆம் எண் என்று செயலி கூறியது. அருகே இருந்த விலையைக் கண்டு திகைத்துப்போனேன். ஒரு பருவத்து விடுதிக் கட்டணத்தை அதைக் கொண்டு கட்டிவிடலாம்! செய்தியைக் கேட்ட அம்மா, அட்டையைச் சுவாமி படத்தின் முன் வைக்கச் சொன்னாள்.

அந்த மகிழ்ச்சி அன்றிரவு வரைதான் நிலைத்தது. போக்கிமானின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2021இல் இதே அட்டையை மறுபதிப்பாக வெளியிட்டார்கள். அதே படம், அதே 4/102 எண், வேறுபாடு ஒரு சிறு முத்திரைதான். படத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் செயலி இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறக்கூடும். எங்களிடம் இருப்பது எது?

"அண்ணா, இது திருநெல்வேலியை விட்டு வந்த அன்னைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்தது" என்றான் தம்பி.

நாங்கள் அவ்வூரை விட்டு நாகபுரிக்கு வந்தது 2018இல். ஆகவே அது 2021 மறுபதிப்பாக இருக்க வழியில்லை. அப்படியானால் 1999 அட்டையோ? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் மங்கியிருந்தன. பின்புறத்து நீலம் மற்ற அட்டைகளின் நீலத்தோடு ஒத்துவரவில்லை. பெட்டிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் போலிகளுள் அதுவும் ஒன்று.

"போலிதான்; பட்டியலிலிருந்து எடுத்துவிடு, அட்டையையும் எறிந்துவிடு" என்றேன். தம்பி அட்டையைச் சட்டென்று எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "அவன்கிட்ட இருந்ததே இந்த ஒரு நல்ல கார்டுதான் அண்ணா" என்று மட்டும் சொன்னான். என் சொல்லுக்காக நான் வெட்கப்பட்டேன்.

நண்பர்களே, இங்கே சிறிது சிந்திக்க வேண்டும். அந்த அட்டை எது என்பதைத் தெளிய உதவிய முதல் செய்தி எங்கிருந்து கிடைத்தது? செயலியிலிருந்தா? இல்லை, தம்பியின் நினைவிலிருந்து. யார் கொடுத்தது, எங்கே, எப்போது என்பதைச் செயலி எங்களிடம் கேட்கவே இல்லை. அது கேளாமலே சொன்னது விலை ஒன்றைத்தான். அவ்விலையும் அயல்நாட்டுச் சந்தையில் மடங்காத, உண்மையான அட்டைக்கு உரியது.

நான் தாவரவியல் படிப்பவன். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் ஹெர்பேரியங்களில், ஒவ்வொரு தாளிலும் ஒரு குறிப்புச் சீட்டு இருக்கும். எந்த ஊரில், எந்த நாளில், யார் பறித்தது என்று அதில் எழுதியிருப்பார்கள். அச்சீட்டு இல்லாத செடி எவ்வளவு அழகாயிருந்தாலும் ஆராய்ச்சிக்கு மிகுதியாகப் பயன்படாது. அட்டைக்கும் இவ்விதி பொருந்தும் அன்றோ?

அட்டைகளுக்குப் பட்டியல் வகுத்த பெருமகன் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர், மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். 1939இல் அவர் தம் முதல் பட்டியலை வெளியிட்டார். சிகரெட் பெட்டிகளோடு வந்த அட்டைகளுக்கு 'டி' என்றும், மிட்டாய், பசைமிட்டாயோடு வந்தவற்றுக்கு 'ஆர்' என்றும் எழுத்துகளைக் குறியீடாக அமைத்தார். பின்னர், தாம் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப்படங்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். மூட்டுவாதம் கைகளை வாட்டிய நிலையிலும் அவற்றைத் தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அப்பணியை முடித்தார். மார்ச் மாதம் மறைந்தார். அவருடைய பட்டியலிலும் விலைகள் உண்டு. ஆனால் அவ்விலைகள் இன்று பழங்கதை. அவர் அமைத்த 'டி206' போன்ற குறியீடுகளோ இன்றும் வழங்குகின்றன. விலை மாறும், விவரம் நிற்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். செயலியைப் பயன்படுத்துங்கள், ஆனால் எண்ணையும் முத்திரையையும் உங்கள் கண்ணாலும் பாருங்கள். பல செயலிகளில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது; அதை வெறுமையாக விடாதீர்கள். யாரிடம் பெற்றது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதிய பட்டியலுக்கு ஒரு படி எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். செயலி நின்றுபோனாலும் அது உங்களிடம் இருக்கும். விலை இல்லை என்பதற்காக எதையும் எறிந்துவிடாதீர்கள். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

தம்பியின் பட்டியலில் அந்த அட்டை இன்றும் இருக்கிறது. விலைக்குரிய இடத்தில் சுழி. குறிப்பில் அவனே எழுதியது: "போலி. பக்கத்து வீட்டு நண்பன் கொடுத்தது. திருநெல்வேலி, 2018."