வயித்துல தெரியிற தழும்பு வேற, கர்ப்பப்பையில இருக்கிற தையல் வேற: சிசேரியன் ஆனவங்க கேட்டு வாங்க வேண்டிய ஒரு காகிதம்

வீரகேரளம்புதூர் பொண்ணு. சென்னையில் ஐ.டி. வேலை. முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது நம்ம பக்கம் எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்து ஊருக்கு வருகிறாள். தென்காசியிலோ சுரண்டையிலோ ஓர் ஆஸ்பத்திரியில் சிசேரியன். நாலு வருஷம் கழித்து இரண்டாவது குழந்தை. இந்த முறை லீவு கிடைக்கவில்லை, சென்னையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அங்கே டாக்டர் கேட்கிறார்: "போன தடவை கர்ப்பப்பையில எப்படி வெட்டுப் போட்டாங்கன்னு தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கு போன் போடுகிறாள். "ஃபைலு பீரோவுலதான கெடந்துச்சு, பாக்கேன்" என்கிறார் அம்மா. பில் கிடைக்கிறது, பிள்ளையின் தடுப்பூசி அட்டை கிடைக்கிறது. ஆபரேஷன் விவரம் மட்டும் இல்லை.

இவள் நான் உருவாக்கிய பாத்திரம்தான். ஆனால் இதே நிலையில் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்திய சராசரி 21.5தான். இவ்வளவு ஏன் என்று நாம் நிறைய சண்டை போட்டாச்சு; நல்ல நேரம் பார்த்து வெட்டுவது பற்றியும் பேசியாச்சு. ஆனால் ஆபரேஷன் ஆகிவிட்ட பெண்ணுக்கு அடுத்த பிரசவத்தில் தேவைப்படும் தகவல் அவள் கையில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

ரெண்டு வெட்டு இருக்கு

சிசேரியனில் முதலில் வயிற்றுத் தோலில் ஒரு கீறல். உள்ளே போனதும் கர்ப்பப்பையில் இன்னொன்று. நாம் கண்ணாடியில் பார்ப்பது முதலாவதை. அடுத்த பிரசவத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது. இரண்டும் ஒரே திசையில் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. அடிவயிற்றில் குறுக்கே அழகாக ஒரு கோடு தெரியலாம். உள்ளே கர்ப்பப்பை நெடுக்காக வெட்டப்பட்டிருக்கலாம். தொப்புளுக்குக் கீழே நெட்டுக்குத்தாகத் தழும்பு இருந்தும் உள்ளே குறுக்கு வெட்டாக இருக்கலாம். "எனக்கு குறுக்குத் தையல்தான், பயமில்ல" என்று தழும்பை வைத்துச் சொல்வது சரிப்படாது.

இப்போது பெரும்பாலும் போடுவது கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் குறுக்கு வெட்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எல்.எஸ்.சி.எஸ்' என்று இருக்கும். கடைசி மூன்று மாதத்தில் இந்த அடிப்பகுதி மெலிந்து விரியும்; ரத்தக் கசிவு குறைவு, நன்றாக ஆறும். முக்கியமாக, பிரசவ வலியில் சுருங்கித் தள்ளும் வேலையைச் செய்வது மேல்பகுதித் தசை. கீழே இருக்கும் தையலுக்கு அந்த இழுவிசை குறைவு.

'கிளாசிக்கல்' என்பது அந்தத் தடித்த மேல்பகுதியிலேயே நெடுக்காகப் போடுவது. டாக்டர் வேண்டுமென்று போடுவதில்லை. குழந்தை ரொம்பக் குறைமாதமாக இருந்து அடிப்பகுதி இன்னும் உருவாகாதபோது, குழந்தை குறுக்கே கிடக்கும்போது, அடிப்பகுதியை ஃபைப்ராய்டு கட்டி அடைத்திருக்கும்போது வேறு வழி இருக்காது. சில நேரம் குறுக்கு வெட்டில் ஆரம்பித்து, இடம் போதாமல் மேல்நோக்கி ஒரு வெட்டு சேர்ப்பார்கள். தலைகீழ் 'டி' மாதிரி ஆகிவிடும். அடிப்பகுதியிலேயே நெடுக்காகப் போடுவதும் உண்டு. அது எவ்வளவு மேலே ஏறியது என்பதைப் பொறுத்தது அதன் ஆபத்து.

எண்ணிக்கையில் சொன்னால் விளங்கும். முன்பு அடிப்பகுதியில் ஒரு குறுக்கு வெட்டு போட்ட 1,000 பெண்கள் அடுத்து சுகப்பிரசவத்துக்கு முயன்றால், சுமார் 5 முதல் 9 பேருக்குப் பழைய தையல் பிளக்கலாம். கிளாசிக்கல் அல்லது 'டி' வெட்டு என்றால் அதே 1,000 பேரில் 40 முதல் 90 பேர். தையல் பிளந்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் நிமிஷக் கணக்குதான்.

'ஒரு தடவை ஆபரேஷன்னா எப்பவும் ஆபரேஷன்'

இதை நம்ம ஆச்சிமார் சொல்லவில்லை. 1916-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது. அன்றைக்குச் சிசேரியன் என்றாலே நெடுக்கு வெட்டுதான், அதனால் அவர் சொன்னது நியாயம். 1920-களில் கிளாஸ்கோவில் மன்ரோ கெர் அடிப்பகுதிக் குறுக்கு வெட்டைப் பரப்பிய பிறகு நிலைமை மாறியது. வெட்டு மாறி நூறு வருஷம் ஆகப்போகிறது. பழமொழி மட்டும் நம்ம வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு குறுக்கு வெட்டு, வேறு சிக்கல் இல்லை என்றால், முயலும் 100 பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முதல் குழந்தை தலை மேலே இருந்ததால் மட்டும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். வலி வந்து, பிள்ளை இறங்காமல் நின்றுபோய் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருஷம்கூட இல்லை என்றால் தையல் பிளக்கும் ஆபத்து ஏறும். வலி வரவைக்கத் தரும் மிசோபிரோஸ்டால் மாத்திரையைச் சிசேரியன் தையல் உள்ளவருக்கு அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது.

இதை எங்கே முயல்வது என்பதும் முக்கியம். 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் பார்க்கும் வசதி இவ்வளவும் வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது நடக்காது. வீ.கே.புதூர்க்காரங்களுக்கு என்றால் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்கலாம், இல்லையென்றால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி. வீட்டில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

"எப்படியும் ரெண்டாவதும் ஆபரேஷன்தான், அதோட குடும்பக்கட்டுப்பாடு. எனக்கு எதுக்கு இந்த விவரம்?" நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறோம். நம்ம ஊரில் இரண்டோடு நிறுத்துவதால் அந்தக் கணக்கு ஓரளவு ஓடிவிடுகிறது. ஆனால் தேதியில் சிக்கல் இருக்கிறது. அடிப்பகுதிக் குறுக்கு வெட்டு என்றால் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு 39 வாரம் வரை காத்திருக்கலாம். கிளாசிக்கல் தையலுக்கு 36 முதல் 37 வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். அது வலி தொடங்கும் முன்பே பிளக்கக்கூடியது. வெட்டு எதுவென்று தெரியாமல் 39-வது வாரத்தில் வளர்பிறை முகூர்த்தம் குறிப்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். திடீரென்று விடாத வயிற்றுவலி, பழைய தையல் பக்கம் வலி, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

மூன்றாவது குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலேயே வேரோடிப்போகும் ஆபத்து கூடுகிறது. நஞ்சு கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்த பெண்களிடம், 2006-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டது. இரண்டாவது சிசேரியனில் 11 சதவீதம், மூன்றாவதில் 40 சதவீதம். அப்படி ஒட்டிக்கொண்டால் பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வருகிறது.

பேப்பர் எங்கே?

காகிதம் இல்லாவிட்டால் டாக்டர் சுற்றி வளைத்துத்தான் கண்டுபிடிக்கணும். முதல் குழந்தை எத்தனையாவது வாரம், எடை என்ன, எப்படிக் கிடந்தது, எதுக்கு ஆபரேஷன் என்று கேட்பார். பெரும்பாலும் குறுக்கு வெட்டாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகத்தை நம்பி ரிஸ்க் எடுக்க விரும்பாத டாக்டர் மறுபடி ஆபரேஷன் என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நம்ம வீ.கே.புதூர் பொண்ணு நாலாவது வருஷம் கேட்கிறாள். இதற்குப் பிறப்பித்த உடனேயே தீர்வு இருக்கிறது. பிக்மி எண் வாங்காமல் தமிழ்நாட்டில் ஒரு பிரசவம் நடப்பதில்லை. கர்ப்பம் பதிவானது முதல் நிதியுதவி வரைக்கும் அந்த எண்ணில்தான் ஓடுகிறது. 'கர்ப்பப்பை வெட்டு எந்த வகை, கூடுதல் வெட்டு உண்டா' என்று கட்டாயமாக ஒரு வரியை அந்தப் பதிவிலேயே சேர்க்கலாம். ஊசி போட்ட தேதியை எழுதும் அரசாங்கத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

அதுவரைக்கும் நீங்கள்தான் கேட்கணும். டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பில் கட்டும் அவசரத்தில் 'எல்.எஸ்.சி.எஸ்' என்ற நாலெழுத்தோடு திருப்திப்பட வேண்டாம். ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேளுங்கள். வெட்டு எங்கே, எந்தத் திசையில், மேலே நீண்டதா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று வார்டு சிஸ்டரிடமோ டாக்டரம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். கையோடு போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மூணு வருஷத்துக்குள் பிரசவம் ஆனவர் என்றால் இந்த வாரமே அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம்.