முன்காலும் பின்காலும்

வீட்டிலே பூனை வளர்ப்போர் இச்சிறு காட்சியைக் கண்டிருத்தல் கூடும். அடுக்களையில் உலக்கையொன்று குறுக்கே கிடக்கிறது. பூனை முன்கால்களை அளவாக உயர்த்தி அதனைத் தாண்டுகிறது. பின்கால்களும் அவ்வாறே உயர்ந்து, உலக்கையில் முட்டாமற் சென்றுவிடுகின்றன. இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். பின்கால்கள் தாண்டும் வேளையிற் பூனையின் கண்கள் முன்னே நோக்குகின்றன. உலக்கையோ வயிற்றின் கீழ் மறைந்து கிடக்கிறது. காணாத தடையைக் கால் எவ்வாறு அறிந்தது?

கனடாவின் அல்பேட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்வே, பியர்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இவ்வினாவுக்கு விடை தேடி, தம் முடிவுகளை 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். முன்கால்கள் தடையைத் தாண்டியதும் உணவு காட்டிப் பூனையை நிறுத்தினர். அது உண்டுகொண்டிருக்கையில், அதற்குத் தெரியாமல் தடையை அகற்றினர். பூனை மீண்டும் நடந்தபோது, அங்கே இல்லாத தடைக்காகப் பின்கால்கள் உயர எழுந்தன! 10 நிமிடம் சென்ற பின்னரும் அந்நினைவு அழியவில்லை.

அடுத்து, முன்கால்கள் தாண்டுமுன்னரே பூனையை நிறுத்திப் பார்த்தனர். தடையை அது கண்ணாற் கண்டிருந்தது; காலால் தாண்டவில்லை. இம்முறை நினைவு விரைவில் மங்கிவிட்டது.

இதனைப் படித்தபோது நமக்குச் சிறிது வெட்கமுண்டாயிற்று. பல ஆண்டுகளாகக் கரும்பலகையிற் கணக்கை நாமே முழுவதும் செய்து காட்டி, "விளங்கிற்றா?" என்று கேட்டு வந்தோம். "விளங்கிற்று, சேர்" என்று வகுப்பு ஒரே குரலில் விடையிறுக்கும். மறுவாரம் அதே கணக்கைக் கொடுத்தாற் பாதிப்பேர் விழிப்பர். கவனக்குறைவென்று அவர்களைக் கடிந்துகொண்டோம். அவர்கள் தடையைப் பார்த்தார்களேயன்றித் தாண்டவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பூனையின் கால் நினைவும் மாணவனின் கணக்கறிவும் ஒன்றே என்று நாம் சாதிக்க வரவில்லை. எனினும் உவமை நம்மை விட்டு அகலவில்லை. இப்பொழுது கணக்கின் முதலிரு வரிகளை மட்டும் எழுதிவிட்டு, வெண்கட்டியை மாணவன் கையிற் கொடுத்துவிடுகிறோம். பாடம் மெல்ல நகர்கிறது, பிழைகளும் மலிந்துள்ளன. ஆயினும் மறுவாரம் விழிப்போர் தொகை குறைந்திருக்கிறது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. இன்றிரவு பிள்ளை கணக்கொன்றைக் கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் அமர்ந்தால், அருகிருந்து வழிகாட்டுங்கள். பென்சிலை மாத்திரம் வாங்கிவிடாதீர்கள்.