கிழிசல் இல்லை என்பது விடுதலைப் பத்திரம் அல்ல

கடும் நெஞ்சுவலியோடு வந்தவரின் சி.ரி. ஸ்கானில் பெருநாடியின் உட்படை கிழியவில்லை என்றதும் நமக்கு நிம்மதி பிறக்கிறது. பெருநாடிச் சுவரின் அமைப்பை அறிந்தவருக்கு அந்த நிம்மதி வரக்கூடாது.

நடுப்படையின் உட்பகுதிக்கு, உள்ளே ஓடும் குருதியிலிருந்தே ஒட்சிசன் பரவுகிறது. தடித்த சுவரின் வெளிப்பகுதியை ஊட்டுபவை, வெளிப்படை வழியே நுழையும் வாசா வாசோரம் என்ற நுண்கலன்கள். முலையூட்டிகள் பலவற்றை ஒப்பிட்ட வொலின்ஸ்கியும் கிளாகோவும், நடுப்படையில் சுமார் 29 அடுக்குகளுக்கு மேற்பட்ட பெருநாடிகளிலேயே இவை அப்படைக்குள் புகுவதை 1967இல் காட்டினர். மனிதரின் நெஞ்சறைப் பெருநாடி அந்த வரம்பைத் தாண்டியது. சிறுநீரக நாடிகளுக்குக் கீழே இக்கலன்கள் அரிது. புடைப்பு நோய் அங்கே மிகுவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுவோர் உண்டு.

சிபிலிஸ் இந்நுண்கலன்களை அடைத்தே ஏறுபெருநாடியை நலிவித்தது. டகாயாசு நோயிலும் அழற்சி இவற்றைச் சூழ்ந்து காணப்படுகிறது. உயர் குருதியமுக்கம் சுவரைத் தடிக்க வைத்து, இவற்றின் ஊட்டத்தையும் குறைக்கிறது. இவை வெடித்தால், உட்படை கிழியாமலே சுவருக்குள் குருதி தேங்கலாம் என்று 1920இல் குறுக்கன்பேர்க் எழுதினார். இத்தகைய நோயாளர் சிலரில் நுண்ணிய கிழிசல் பின்னர் தென்படுவதால் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஆபத்தைப் பற்றி விவாதமில்லை: ஏறுபெருநாடியில் தேங்கிய குருதியைச் சத்திரசிகிச்சைக்குரிய அவசர நிலையாகவே கொள்ள வேண்டும்.

கொன்ராஸ்ற் ஏற்றுமுன் எடுக்கும் வெற்று ஸ்கானில் அக்குருதி சுவரோரம் வெண்பிறையாகத் தெரியும். நேரே கொன்ராஸ்ற் படத்துக்குப் போனால், அதே பிறை பழைய கொழுப்புப் படிவு போலத் தோன்றி ஏமாற்றும். ஆகவே வெற்றுப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். இரு கைகளிலும் அமுக்கம் சமமாக இருப்பதும் இந்நோயை விலக்காது. குருதி சுவருக்குள் இருக்கையில் கிளைநாடிகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பருத்தித்துறையிலோ தெல்லிப்பழையிலோ இரவுக் கடமையிலிருக்கும் வைத்தியருக்கு ஒரு வேண்டுகோள். வலி முதுகுக்கு ஓடி, இ.சி.ஜி. அதனோடு பொருந்தாவிட்டால், குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏற்றுமுன் பெருநாடியை நினையுங்கள். சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அனுப்ப நேர்ந்தால் வழி சுமார் 400 கிலோமீற்றர். வலியையும் நாடித்துடிப்பு வேகத்தையும் அமுக்கத்தையும் கட்டுப்படுத்திய பிறகே அம்புலன்ஸ் புறப்பட வேண்டும். மருந்து வழியிலும் தொடர வேண்டும்.