மலை வழிகாட்டலும் கூட்டுறவும்

குரங்கணி மலைச்சரிவில் 2018 மார்ச் 11ஆம் நாள் மூண்ட காட்டுத்தீ, மலையேற வந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைவில் பற்றும் என்பதைப் பொட்டிபுரத்தில் ஆடு மேய்ப்போரும் அறிவர். ஆதலின், வழிகாட்டும் தொழில் உள்ளூராரின் சங்கத்திடம் இருத்தல் வேண்டும் என்பேன்.

தேக்கடியில் காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தவர்களே, 1998 முதல் குழுவாகக் கூடி, வனத்துறையின் மேற்பார்வையில், பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் பயணிகளை அழைத்துச் செல்கின்றனர், காட்டையும் காக்கின்றனர். (பழைய கள்வனைவிடக் காட்டை அறிந்த காவலன் யார்?) 2024இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும் உள்ளூர் வழிகாட்டிகள் உள்ளனர், எனினும் கூலி பெறுவது வேறு, பங்குதாரராய் இருப்பது வேறு. தீ அபாயமுள்ள நாளில் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பங்குதாரருக்கே உண்டு. லாபம் குறைந்ததென்று அன்று சில அங்கத்தினர் முணுமுணுப்பர், முணுமுணுக்கட்டும்.