முக்கால் முழத்தில் ஒரு செல்!

ஒரே செல்லால் ஆன உயிர் என்றால் மைக்ராஸ்கோப் இல்லாமல் பார்க்க முடியாது என்று ஆம்பூர் டீக்கடையில் அடித்துச் சொன்னேன். பந்தயம், ஒரு பிளேட் மட்டன் பிரியாணி. (நான் பி.காம்., ஸார். சயன்ஸில் பந்தயம் கட்டியது முதல் தப்பு.)

எதிர்க்கட்சி, டேனரியில் தோல் செலக்‌ஷன் பார்க்கிற பாயின் மகன். பாட்டனி ஸ்டூடண்ட். காலேஜ் டூரில் மண்டபம் போய், ஒரு கடல்பாசியை அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். தரையில் ஓடும் கொடி, மேலே இலை, கீழே வேர் என்று முக்கால் முழம் இருந்தது.

"காலர்ப்பா. முழுக்க ஒரே செல்லுண்ணே!"

பாய் என் பக்கம். "ஆவாது தம்பி. எடைக்கு எடை பார்த்தா ஆட்டுக்குத் தோல் ஜாஸ்தி, எருமைக்குக் கம்மி. இவன் சொல்றது எருமை சைஸ் செல்லு."

பேச்சோடு பேச்சாகப் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டார் மனுஷன். நீள, அகல, உயரத்தை இரட்டித்தால் தோல் நாலு மடங்கு. உள்ளே இருக்கிற சரக்கு எட்டு மடங்கு. செல்லுக்கு வாயும் கிடையாது, மூக்கும் கிடையாது. சாப்பாடு, காற்று எல்லாம் தோல் வழியாகத்தான். பெருக்கப் பெருக்கப் பட்டினி. அதனால்தான் செல்கள் அடக்கமாகச் சின்னதாகவே இருக்கின்றன.

பையன் அசரவில்லை. காலர்ப்பாவின் உள்ளே பெரும்பகுதி வெறும் தண்ணீர்ப் பையாம். உயிருள்ள சரக்கு, சுவரை ஒட்டிப் பூசிய மெல்லிய படலம்தான். அதாவது பார்வைக்கு எருமை, கணக்குக்கு ஆடு! குறுக்குச் சுவர் எதுவும் இல்லாத ஒரே ஹால். எண்ணி மாளாத நியூக்ளியஸ்கள். கூரை சரியாமல் இருக்க ஊடே குச்சி குச்சியாக முட்டுகள்.

"சரிப்பா, வெட்டினா மொத்தமும் ஒழுகிச் செத்துடுமே?" என்று மடக்கினேன்.

சாகாதாம். சில நிமிஷத்தில் காயம் அடைத்துக்கொள்ளுமாம். துண்டு தனிச் செடியாகிவிடும். 1984-ல் மொனாக்கோ கடலில் தென்பட்ட இதன் பங்காளி ஒன்று, இப்படித் துண்டு துண்டாகவே மத்தியதரைக் கடலில் பரவிப் பலர் தூக்கத்தைக் கெடுத்தது.

அடுத்து அவன் சொன்னது, ஆபீஸ் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. அசிடபுலேரியா என்று குடை மாதிரி ஒரு பாசி. சில சென்டிமீட்டர் உயரம், அதுவும் ஒரே செல். நியூக்ளியஸ் ஒன்றே ஒன்று, அதுவும் அடிவேரில். ஹெட் ஆபீஸ் பேஸ்மென்ட்டில்! 1930-களில் ஹாமர்லிங் என்ற ஜெர்மன்காரர் வேரை வெட்டி எறிந்தார். மிச்சமிருந்த தண்டு அப்போதும் குடை விரித்தது. மேனேஜர் போனபின்னும் அவர் ஏற்கெனவே அனுப்பிய ஆர்டரில் ஆபீஸ் ஓடுகிற மாதிரி. பிறகு ஒரு ஜாதியின் தண்டை இன்னொரு ஜாதியின் வேரில் ஒட்டினார். கடைசியில் வேரின் ஜாதிக் குடையே வந்தது. பழைய ஆர்டர் தீர்ந்ததும் புது மேனேஜர் ராஜ்யம்.

நம் அந்தமானிலும் 2019-ல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதில் ஒரு புது ஜாதியைக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. பார்த்து உறுதி செய்து 2021-ல் அறிவித்தார்கள். பெயர், ஜலகன்யகே. கடல்கன்னி!

ஒரு செல், அப்புறம் பல செல், அப்புறம் நாம் என்று பிரமோஷன் லிஸ்ட் மாதிரி பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். இதுகளோ பிரமோஷனே வாங்காமல் வேர், தண்டு, இலை எல்லாம் வைத்துக்கொண்டு ஜம்மென்று இருக்கின்றன.

பாய் அந்த அட்டையை வாங்கி, தோல் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார்.

"ஒரே பீஸுதான் தம்பி. ஜாயின்ட் இல்ல."

கட்சி மாறிவிட்டார். பையன் லெக் பீஸ் கேட்டான்.